அமெரிக்க வரி 50%: இதுக்கு முன்னாடி அடி வாங்கினப்போ சனிக்கிழமைச் சம்பளத்துக்கு என்ன பண்ணுனீங்க?

#1 பவர்டேபிள்

வணக்கம்ங்க. திருப்பூர்ல 30 மெஷின் போட்டு ஜாப் வொர்க் பண்றோம். அப்பா ஆரம்பிச்சது, நாலு வருசமா நான் பாக்கறேன். கட்டிங், தையல், செக்கிங் வரைக்கும் நம்ம பொறுப்பு. அயர்னும் பேக்கிங்கும் வேலை குடுக்கற பார்ட்டி பாத்துக்குவாங்க.

எங்களுக்கு வர்ற வேலையில முக்கால்வாசி ஒரே எக்ஸ்போர்ட்டர் குடுக்கறது. அவரு அனுப்பறதுல முக்கால்வாசி அமெரிக்கா. 2025 ஆகஸ்ட் 7-ந் தேதி இந்தியச் சரக்குக்கு 25 சதவீத வரின்னாங்க, 27-ந் தேதி அது 50 ஆயிருச்சு. கட் பண்ணி வெச்ச 11,000 பீஸ் டேபிள் மேல பண்டல் பண்டலா கெடக்குது. "தைக்க வேண்டாம், சொல்றோம்"னு எக்ஸ்போர்ட்டர் ஆபீஸ்ல ஆர்டர் பாக்கற மர்ச்சண்டைசர் சொல்லி இன்னியோட 19 நாள். போன் எடுக்கறார், ஆனா பதில் இல்ல.

தீபாவளி அக்டோபர் 20. போனஸ் பத்தி யாருமே வாயத் தொறக்கல. கேட்டுட்டாக்கூட நல்லா இருக்கும்போல, கேக்காம இருக்கறதுதான் சங்கடமா இருக்குது.

நெருக்கடிய வாய்ப்பா மாத்தறது எப்படின்னு நிறைய வீடியோ பாத்துட்டேன், போதும். 2008, 2011, 2016, 2020 எதுல அடி வாங்கியிருந்தாலும் சரி, அன்னிக்கு சனிக்கிழமை என்ன பண்ணுனீங்க, அத மட்டும் சொல்லுங்க. வேற ஊரு, வேற தொழிலா இருந்தாலும் பரவால்ல.

#2 ஒருவரி

மெஷின் லோன் இருக்கா இல்லையா? அதச் சொல்லாம கேட்டா எல்லாரும் காத்துல கம்பு சுத்துவாங்க.

#3 பவர்டேபிள்

12 மெஷினுக்கு இருக்குதுங்க. மாசம் 61,000. வாடகை 48,000. ஆளுங்க 41 பேர், அதுல 17 பேரு ஒடிசா, பீகார். கையில இருக்கறது ஆறு வாரச் சம்பளம் தாங்கும். ஏழாவது வாரம் தாங்காது.

#4 காதர்பேட்டையார்

தம்பி, ஒரே பார்ட்டிய நம்பி 30 மெஷின் போட்டதுக்கு முதல்ல ஒரு திட்டு. உங்கப்பாவும் என்கிட்ட இருந்தா இதையே வாங்கியிருப்பாரு. சரி, நடந்தது நடந்துபோச்சு, விசயத்துக்கு வர்றேன்.

2016 நவம்பர் 8 செவ்வாக்கிழமை ராத்திரி. டிவியில 500, 1000 செல்லாதுன்னாங்க. அன்னிக்கு என்கிட்ட 72 பேர். சனிக்கிழமை 12-ந் தேதிக்கு 2,40,000 ரூபாய் வேணும். கரண்ட் அக்கவுண்ட்ல பணம் இருக்குது, ஆனா மொத வாரம் 20,000-க்கு மேல எடுக்க முடியாது, அடுத்த வாரத்துல இருந்துதான் வாரத்துக்கு 50,000. அந்த 50,000-மும் 2000 ரூபாய் நோட்டா வரும். அத டைலருக்கு உதவியா துணி மடிச்சுக் குடுக்கற ஒரு கைமடிப் பொண்ணுகிட்ட குடுத்தா எங்க போயி சில்லறை மாத்தும்?

ரெண்டு வேலை பண்ணுனேன். திருப்பூர் பனியன் மார்க்கெட்டான காதர்பேட்டையில என்கிட்ட சரக்கு எடுக்கற சில்லறை யாவாரிகளுக்கு, நூறு ரூபாய்க் கட்டா கொண்டாந்தா பில்லுல அஞ்சு சதவீதம் தள்ளுபடின்னு சொல்லிட்டேன். கேரளாவுல இருந்து பஸ் ஏறி வர்றவங்க கோணிப்பையில நூறும் அம்பதும் கொண்டாந்து கொட்டுனாங்க. அது பாதிச் சம்பளத்துக்கு ஆச்சு. இன்னொண்ணு, எங்க சந்து முக்குல இருக்கற மளிகைக்கடை அண்ணாச்சிகிட்டப் பேசினேன். பில் புக்குல ஆளுக்கு 600, 800-னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். அந்தச் சீட்டக் காட்டுனா அரிசி, பருப்பு, எண்ணெய் கெடைக்கும். நான் அண்ணாச்சிக்கு செக் குடுத்தேன். ஆறு வாரம் இப்படியே ஓடுச்சு. மூணாவது வாரம் அந்தச் சீட்டு எங்க தெருவுல நோட்டு மாதிரியே பொழங்குச்சு. ஒருத்தன் அத வெச்சு முடி வெட்டிட்டு வந்தான், நம்பினா நம்புங்க.

அண்ணாச்சி ஏன் ஒத்துக்கிட்டாருன்னா, அவருக்குப் பதினோரு வருசமா நான் ஒரு செக்கும் திரும்ப விட்டதில்ல. வேற ஒரு மந்திரமும் கெடையாது.

உனக்கு இப்ப வந்திருக்கறது அந்த மாதிரி அடி இல்ல. அன்னிக்கு வாங்கறவன் இருந்தான், நோட்டு இல்ல. இன்னிக்கு நோட்டு இருக்குது, வாங்கறவன் இல்ல. அதனால உள்நாட்டு வேலைக்கு வா. தீபாவளிச் சரக்கு கிட்டத்தட்ட முடிஞ்சுருச்சு. வடக்க குளிருக்குப் போற ஃப்ளீஸ் சரக்கு இப்ப ஓடுது. ரேட்டு எக்ஸ்போர்ட்டவிடக் கம்மிதான், பணம் வரவும் இழுக்கும். ஆனா மெஷின் ஓடும். செப்டம்பர் 22-ல இருந்து 2500 ரூபாய் வரைக்கும் துணிக்கு ஜிஎஸ்டி அஞ்சே சதவீதம். அதுக்காகப் பார்ட்டிங்க பாதிப் பேரு எடுக்காம காத்துட்டு இருக்காங்க. 22-க்கு அப்புறம் வா, ரெண்டு பேரக் காட்டறேன்.

#5 ஷிப்மென்ட்சனி

நான் உங்க பார்ட்டி மாதிரி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மர்ச்சண்டைசர். அந்த மர்ச்சண்டைசரத் திட்டாதீங்க, அவருக்கே பதில் வந்திருக்காது.

எங்க பக்கம் என்ன நடக்குதுன்னா, ஆகஸ்ட் 27-க்கு முன்னாடி கப்பல் ஏறி செப்டம்பர் 17-க்குள்ள அங்க கிளியர் ஆகற சரக்குக்கு மட்டும் ரெண்டாவது 25 கெடையாது. அதனால ஆகஸ்ட்ல எல்லாரும் பேய் மாதிரி தைச்சு ஏத்துனாங்க. அது முடிஞ்சது, அப்படியே நின்னுருச்சு. பங்களாதேசுக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம், பாகிஸ்தானுக்கு 19. நமக்கு 50. பையர் "வரியில பாதிய நீ ஏத்துக்கோ"ங்கறான். டி-ஷர்ட்ல ஏது அவ்வளவு மார்ஜின்? ஒத்துக்கிட்டா நஷ்டம், ஒத்துக்கலைன்னா அடுத்த சீசன் பேரு லிஸ்ட்லயே இருக்காது.

நீங்க செய்ய வேண்டியது: அந்த 11,000 பீஸ் துணி யாரோடதுன்னு டெலிவரி சலான்ல பாருங்க. அவங்களோடதுன்னா கட்டிங் கூலிக்கு இன்னிக்கே தனி பில் போட்டு மெயில் அனுப்புங்க. தைச்சு முடிச்சாத்தான் பில்லுன்னு உக்காந்திருந்தா அந்தப் பணம் அடுத்த வருசம்தான். அப்புறம், போன்ல "தைச்சு வெய்யுங்க, பாத்துக்கலாம்"னு சொன்னா தைக்காதீங்க. 2020-ல அப்படித் தைச்சு வெச்ச பீஸெல்லாம் ஸ்டாக் லாட்டாத்தான், அதாவது மொத்தமா அடிமாட்டு விலைக்குத்தான் போச்சு. காதர்பேட்டையாருக்குத் தெரியும் என்ன ரேட்டுக்கு எடுத்தாங்கன்னு.

#6 காதர்பேட்டையார்

தெரியும். சொல்லிக்கற ரேட்டு இல்ல அது.

#7 ஓவர்லாக்கா

எல்லாரும் கம்பெனிக்காரங்களாவே பேசறீங்க. நான் ஓவர்லாக் டைலர். 16 வருசமா திருப்பூர். நானும் சொல்றேன்.

2020 மார்ச் 22 ஞாயித்துக்கிழமை ஊரடங்குன்னாங்க, 24 ராத்திரி நாடே மூடுனாங்க. எனக்கு ரெண்டு வாரச் சம்பளம் கம்பெனியில நிக்குது. ரூம்ல நாங்க அஞ்சு பேரு. மொத வாரம் மேஸ்திரி அரிசிப்பை ஒண்ணு கொண்டாந்து வெச்சாரு. ரெண்டாவது வாரம் போன் எடுக்கல. பக்கத்து லைன் வீட்டுல இருந்த பீகார் பசங்க மே மாசம் ரயில் விடற வரைக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் ஸ்டேசனுக்கும் நடையா நடந்தாங்க. ஜூன்ல கம்பெனி தொறந்தாங்க. பீஸுக்கு 3.20 இருந்த எடத்துல 2.60-ன்னாங்க. "நெலம சரியானதும் ஏத்தறோம்." மறுபடி 3.20 ஆக 14 மாசம் ஆச்சு. அதுக்குள்ள மொதலாளி வீட்டுக்கு ரெண்டாவது மாடி எழும்பிருச்சு.

தாக்குப்பிடிச்சோம் தாக்குப்பிடிச்சோம்னு இங்க ஆளாளுக்குச் சொல்றீங்களே, கம்பெனி தாக்குப்பிடிச்சது அந்த 60 பைசாவுல. ஒரு நாளைக்கு 400 பீஸ் ஓட்டுனா 240 ரூபாய். என் பையன் டியூசன் நின்னது அதுல.

பவர்டேபிள் தம்பிக்கு ஒண்ணு சொல்றேன். போனஸ் பத்தி யாரும் கேக்கலைன்னா அவங்களுக்குத் தெரியாதுன்னு அர்த்தம் இல்ல. டேபிள் மேல பண்டல் ஏறாம இருக்கறத கண்ணு பாத்துட்டுத்தான இருக்குது. நீங்களே கூப்புட்டு "இவ்வளவுதான் முடியும், இந்தத் தேதிக்குத் தருவேன்"னு சொன்னா நாங்க ஊர்ல வாங்கற கடன அதுக்குத் தகுந்த மாதிரி வாங்குவோம். கடைசி நாள் வரைக்கும் ஒண்ணும் சொல்லாம, அன்னிக்கு சாயங்காலம் 2000 ரூபாய்க் கவர் குடுக்கறாங்க பாருங்க, அதுதான் ஆள ஓட வெக்கறது.

#8 ஒருவரி

இந்த இழையில இதுவரைக்கும் வந்த பதில்ல இதுதான் பதில்.

#9 போறணை

வணக்கம். நான் யாழ்ப்பாணம். பேக்கரி வச்சிருக்கிறம், ஐயா காலத்திலயிருந்து. வேற ஊர் எண்டாலும் பரவாயில்லை எண்டு எழுதியிருந்தபடியால் எழுதுறன்.

2022 மார்ச் தொடக்கத்தில டொலர் 200 சொச்சம். மே மாதம் 360. ஏப்ரல் 12-ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டேலாது எண்டு அரசாங்கமே சொல்லிப்போட்டுது. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. காஸ் இல்லை, டீசல் இல்லை. எங்கட போறணை, அதுதான் பாண் (உங்கட பிரெட்) சுடுற அடுப்பு, டீசல் பேணர். மா குழைக்கிற மெஷின் கரண்டில. ரெண்டும் இல்லாமல் பாண் போடுறது எப்பிடி?

பின் வளவுக்குள்ள பழைய விறகுப் போறணை ஒண்டு கிடந்தது. நான் 2014-ல அதை இடிச்சுப்போட்டு ஸ்டோர் கட்டுவம் எண்டன். ஐயா விடேல்லை. "தொண்ணூறுகளில உங்களுக்குச் சோறு போட்டது உது" எண்டார். அந்தக் காலத்தில எங்கட பக்கம் பொருளாதாரத் தடை. பெற்றோல் வராது. சூப்பிப் போத்தலால ரெண்டு சொட்டு பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடின சனம். ஐயாவுக்கு 2022 ஒரு புதினமே இல்லை. சேட்டைக் கழட்டிப்போட்டு போறணைக்குள்ள தலையை விட்டுக் கல்லுத் தட்டிப் பார்த்தார். ரெண்டு இடத்தில வெடிப்பு. களிமண் குழைச்சுப் பூசி மூண்டாம் நாள் பனைமட்டையும் சிரட்டையும் போட்டு மூட்டினம். மா குழைச்சது கையால, இரவு பதினொண்டுக்கு, நாலு பேர்.

முதல் நாள் பாண் ஒரு பக்கம் கருகி மற்றப் பக்கம் வெள்ளை. ஆனா வித்துப் போச்சு. வேற ஒண்டும் இல்லைத்தானே.

விலையைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். ஷிப்மென்ட்சனி சரக்கு தங்கக்கூடாது எண்டமாதிரி கதைக்கிறார். எங்களுக்கு நேர்மாறு. காசைக் காசா வச்சிருந்தவன் அழிஞ்சான். இண்டைக்குப் பாண் வித்த காசோட பின்னேரமே போய் மா எடுத்தால்தான், நாளைக்கும் அதே அளவு மா. ரெண்டு கிழமை வங்கியில வச்சிருந்தால் மூட்டை எண்ணிக்கை குறைஞ்சிடும். அதால நாங்கள் காசை மாவா வச்சிருந்தம். கடைகளுக்குக் கடன் குடுக்கிறதை நிப்பாட்டினம். விலைப் பலகையை அச்சடிக்காமல் சோக்கால எழுதினம், கிழமைக்கு ஒருக்கா அழிச்சு எழுத. ஆனா காலமை ஆறு மணிக்கு முதல் வாற கிழவிகளுக்கு பழைய விலை. அது ஐயாவின்ர சட்டம், நான் கணக்குக் கேக்கேல்லை.

ஜூலையில கியூஆர் கோட் வந்தது. ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். 5 லீற்றரில நல்லூரைத் தாண்டி எவ்வளவு தூரம் பாண் கொண்டுபோறது? ரெண்டு பெடியளுக்கு சைக்கிள் பெட்டி கட்டிக் குடுத்தம். அதில ஒருத்தர் இண்டைக்கும் சைக்கிளில்தான் போறார், ஆட்டோ வேண்டாமாம்.

விழுந்தது ஆரெண்டால், 2019, 2020-ல பெரிய லோன் எடுத்து புது மெஷின் இறக்கின ஆக்கள். எங்களைவிடக் கெட்டிக்காரர். வட்டி 25 வீதத்துக்கு மேல போனது. பராட்டே சட்டத்தில வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலே ஏலம் போடலாம். அதை 2024-ல தான் தற்காலிகமா நிப்பாட்டினவை. அதுக்குள்ள எங்கட றோட்டிலயே ஒரு கட்டடம் போட்டுது.

#10 காதர்பேட்டையார்

யாழ்ப்பாணத்துத் தம்பி, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி, ஆனா இங்க அதப் பண்ணி ஒரு பய கெட்டான். யாருன்னா நான்தான். 2021 நவம்பர்ல நூல் ஒரே மாசத்துல கிலோவுக்கு 50 ரூபாய் ஏறுச்சு. 2022 மே-ல மறுபடி 40. பஞ்சு ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, லட்சத்தத் தாண்டுச்சு. மே 16, 17-ல ஊரே கடையடைச்சோம். நான் நீங்க மா வாங்கின மாதிரி நூல வாங்கி அடுக்குனேன், இன்னும் ஏறும்னு. அந்த வருசம் முடியறதுக்குள்ள பஞ்சு சரிஞ்சு போச்சு. கோன் கோனா வீட்டு ஹால் வரைக்கும் அடுக்கியிருந்தேன், சம்சாரம் அது மேல துணி காயப்போட்டா.

பணம் செத்துப்போச்சுன்னா சரக்கா வெச்சுக்கோணும், வாங்கறவன் செத்துப்போனா பணமா வெச்சுக்கோணும். எதுன்னு தெரியறதுக்குள்ள தீபாவளி வந்துருது.

#11 பேரேடு

வங்கியில் 34 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி ஒன்பது ஆண்டுகள் சிறுதொழில் கடன் பிரிவு. கொஞ்சம் சலிப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பவர்டேபிள், தவணை ஒன்றுகூட நிற்பதற்கு முன் கிளைக்குப் போங்கள். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், கேட்டவர்கள் பத்தில் ஒருவர். தவணை தவறி 30 நாள் தாண்டினால் கணக்கு ஒரு படி இறங்கும், 60 தாண்டினால் இன்னொரு படி, 90 தாண்டினால் வாராக்கடன். அதற்குப் பிறகு மேலாளர் உங்கள் அண்ணனாகவே இருந்தாலும் அவர் கையில் ஒன்றும் இல்லை. தவறுவதற்கு முன் போனால் தவணைக் காலத்தை நீட்டலாம், சில மாதம் வட்டி மட்டும் கட்டலாம். சிறுதொழில்களைச் சீரமைக்க ரிசர்வ் வங்கி 2016-ல் ஒரு வழிமுறையே கொண்டுவந்தது. 25 கோடி வரையிலான கடனுக்கு, கடன் வாங்கியவரே எழுதிக் கொடுத்து விண்ணப்பிக்கலாம். என் காலத்தில் அப்படி எழுதிக் கொடுத்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வெட்கம். மேலாளர் முன்னால் உட்கார்ந்து "முடியவில்லை" என்று சொல்ல வெட்கப்பட்டு, தவணை கட்டக் கந்துவட்டிக்கு வாங்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

2020 பற்றியும் சொல்ல வேண்டும். மார்ச் 27-ல் தவணை ஒத்திவைப்பு அறிவித்தார்கள், பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டினார்கள். பலர் அதைத் தள்ளுபடி என்று நினைத்துக்கொண்டார்கள். வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. மே மாதம் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் வந்தது. பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் கூடுதலாக, அடமானம் இல்லாமல், அரசு உத்தரவாதத்தோடு. நல்ல திட்டம், நானே நிறையக் கோப்பு போட்டேன். ஆனால் கவனியுங்கள்: ஏற்கெனவே கடன் உள்ளவருக்குத்தான் 20 சதவீதம். வங்கிப் பக்கமே வராமல் நாலு மெஷின் போட்டு ஓட்டியவருக்கு, பூஜ்யத்தில் 20 சதவீதம் பூஜ்யம்தான். அவர்கள் வாசலில் வந்து நின்றபோது இதை விளக்குவது எனக்குக் கொடுத்த சம்பளத்திலேயே கடினமான வேலை.

இன்னொன்று. சிறுதொழில் என்று உத்யம் பதிவு இருந்தால் 45 நாளுக்குள் பார்ட்டி பணம் தர வேண்டும் என்பது 2006 சட்டம். தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமானவரிக் கணக்கில் அவர் கழிக்க முடியாது என்று 2024 ஏப்ரலில் இருந்து புதுப் பிரிவும் நடைமுறையில் இருக்கிறது.

#12 ஒருவரி

45 நாள் கேஸ் போடலாம் ஐயா. 46-வது நாள் அந்தப் பார்ட்டியோட கேட்டுல நம்ம வண்டிய விடுவானா?

#13 பேரேடு

விடமாட்டார். அதனால்தான் கேஸ் போடச் சொல்லவில்லை. மார்ச் மாதத்தில் அவருடைய ஆடிட்டரே அவரிடம் சொல்வார். நீங்கள் செய்ய வேண்டியது பதிவுச் சான்றிதழின் நகலை ஒவ்வொரு பில்லோடும் இணைத்து அனுப்புவது மட்டும்.

#14 சாயப்பட்டறை

2011-ஐ யாரும் தொடல, நான் தொடறேன். ஜனவரி 28. கழிவுத்தண்ணி நொய்யல் ஆத்துல கலக்குதுன்னு ஹைகோர்ட் உத்தரவு, திருப்பூர்ல 700-க்கு மேல சாயப்பட்டறைக்குக் கரண்ட் கட். சாயம் போடற மெஷின், அந்த வின்ச்சுக்குள்ள 600 கிலோ துணி ஊறிட்டு இருந்துச்சு. பாதிச் சாயம் ஏறின துணி. எடுத்து அலச முடியாது, அலசுனா தண்ணி வெளிய விடோணும். அப்படியே நாறிப்போச்சு. அந்த நேவி ப்ளூ வாசம் இப்பவும் மூக்குல இருக்குது.

ஊர்ல எல்லாரும் துணிய லாரியில ஏத்தி லூதியானா, அகமதாபாத்னு அனுப்பிச் சாயம் போட்டாங்க. போக வர நாள் ஆகும், கலர் மேட்ச் ஆகாது, பையர் கத்துவான். ஆனாலும் ஷிப்மென்ட் போச்சு. நாங்க இங்க சும்மா உக்காந்திருந்தோம். அந்த வருசமே அரசாங்கம் 200 கோடி வட்டியில்லாக் கடன் குடுத்துச்சு, பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு. அதுல வந்ததுதான் ஜீரோ டிஸ்சார்ஜ், கழிவுத்தண்ணி ஒரு சொட்டும் வெளிய விடாத முறை. கழிவுத்தண்ணிய மெம்பரேன்ல அடிச்சு நல்ல தண்ணியப் பிரிச்சிருவோம். மிச்சம் இருக்கற உப்புத்தண்ணிய முன்னாடி கொதிக்கவெச்சு வத்த வெக்கப் பாத்தாங்க, கரண்டுக்கும் விறகுக்கும் கட்டுப்படியாகல. அப்புறம் யாருக்கோ புத்தி வந்துச்சு, சாயம் ஏத்தறதுக்கு எப்படியும் உப்புப் போடறோம், அந்த உப்புத்தண்ணியவே சுத்தம் பண்ணித் திரும்ப வின்ச்சுல விட்டா என்னன்னு. இன்னிக்கு ஐரோப்பாப் பையர்கிட்ட நம்ம ஊரு மார்தட்டறது அத வெச்சுத்தான். அடி விழுகாம இருந்திருந்தா செஞ்சிருக்கவே மாட்டோம்.

#15 நொய்யல்கரை

அடி விழுகாம இருந்திருந்தா செஞ்சிருக்க மாட்டோம்னு நீங்களே சொல்லிட்டீங்க. அதுக்கு நன்றி.

எங்க தோட்டம் நொய்யல் ஆத்துல ஒரத்துப்பாளையத்துக்குக் கீழ. 1992-ல பாசனத்துக்குன்னு அணை கட்டுனாங்க. அதுல நின்னது உங்க தண்ணி. எங்க கெணத்துல வாளி விட்டா நெறமா வரும். தென்னை குருத்துலயே காயும். மாடு மூந்து பாத்துட்டுத் திரும்பிக்கும், மாட்டுக்குத் தெரிஞ்சது அதிகாரிக்குத் தெரியல. கழிவ வெளிய விடக்கூடாதுன்னு கோர்ட்டு 2006-லயே உங்களுக்குச் சொல்லிருச்சு. அஞ்சு வருசம் தவணை வாங்குனீங்க. அந்த அஞ்சு வருசமும் தாக்குப்பிடிச்சது நாங்க. எங்களுக்கு யாரும் கடன் தவணையத் தள்ளி வெச்சு மாரடோரியம் குடுக்கல.

#16 சாயப்பட்டறை

அண்ணா, மறுக்கல. என் பட்டறைத் தண்ணியும் அதுல வந்துச்சு. ஆனா 700 பட்டறையிலயும் மொதலாளின்னு இருந்தவங்க எல்லாரும் பெரிய ஆளுங்க இல்ல. சொந்தமா சுத்திகரிப்பு வெக்கறதுக்கு வழியில்லாம மூடுனவங்கள்ல எத்தனையோ பேரு இன்னிக்கு இன்னொருத்தர் பட்டறையில சூப்பர்வைசர். என் பங்காளி ஒருத்தன் உட்பட.

#17 நொய்யல்கரை

உங்க பங்காளிக்கு சூப்பர்வைசர் வேலையாவது கெடைச்சுது. என் பங்காளி திருப்பூர்ல வாட்ச்மேன். உங்க மாதிரி ஒரு பட்டறை கேட்டுலதான் நிக்கிறான்.

#18 நெறியாளர்

நொய்யல் பத்தித் தனி இழை ஏற்கெனவே ஓடுது, இதன் தொடர்ச்சிய அங்க வெச்சுக்குங்க. பதிவுகள நீக்கல, ரெண்டுமே இங்க இருக்க வேண்டியதுதான்.

#19 ஓவர்லாக்கா

நொய்யல்கரை அண்ணா எழுதினதப் படிச்சேன். 60 பைசாவும் கெணத்துத் தண்ணியும் ஒரே கணக்குதான்னு தோணுச்சு.

#20 ஷிப்மென்ட்சனி

ஒரு சின்ன விசயம். டாலர் ஏறுனா எக்ஸ்போர்ட்டருக்கு லாபம்னு யாராவது சொன்னா நம்பிட்டு இருக்காதீங்க. 2007 கடைசியில ரூபாய் 39 வரைக்கும் பலமாச்சு. இன்னும் பலமாகும்னு பயந்து எங்க பழைய மொதலாளி என்னென்னமோ டெரிவேட்டிவ்ல, அதாவது கரன்சி ரேட்டு மேல பந்தயம் கட்டற மாதிரி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாரு. பேப்பர்ல சுவிஸ் பிராங்க்னு இருந்துச்சு. நாங்க சுவிசுக்கு ஒரு பனியன்கூட அனுப்பினதில்ல. அடுத்த வருசமே டாலர் 50 ஆச்சு. தொழில்ல வந்த அடிய மூணு வருசத்துல மேக்கப் பண்ணிட்டாரு, அந்தக் கையெழுத்துல வந்த அடிய நிலத்த வித்துத்தான் கட்டுனாரு. கஷ்ட காலத்துல யாராவது புதுசா ஒரு பேப்பர நீட்டுனா ஒரு ராத்திரி தூங்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

#21 பவர்டேபிள்

எல்லாத்துக்கும் நன்றிங்க. பத்து நாளா எழுதல, ஓடிட்டு இருந்தேன். என்ன ஆச்சுன்னு சொல்லிடறேன்.

கட்டிங் கூலிக்குத் தனி பில் போட்டேன். மர்ச்சண்டைசர் மொதல்ல "இதென்ன புதுப் பழக்கம்"னாரு. உத்யம் நகல் சேத்து மெயில் போட்டதும் அக்கவுண்ட்ஸ்ல இருந்தே போன் வந்துச்சு. பாதி தர்றாங்களாம், அக்டோபர் 10-க்குள்ள. பண்டல திரும்ப எடுத்துக்கறதா சொல்லி லாரி அனுப்பினாங்க. டேபிள் காலியா இருக்கறது அப்போ பயமா இருந்துச்சு.

பேங்குக்குப் போனேன். பேரேடு ஐயா சொன்ன அந்த 2016 வழிமுறைய மேலாளர் கேள்விப்பட்டதே இல்லைன்னாரு. போன்ல காட்டினேன். மேல கேட்டுச் சொல்றேன்னாரு. அஞ்சு மாசம் வட்டி மட்டும் கட்டறதுக்கு எழுதிக் குடுத்திருக்கேன், இன்னும் முடிவு வரல.

காதர்பேட்டையார் ஐயா காட்டின ரெண்டு பேருல ஒருத்தருக்கு ஃப்ளீஸ் ஹூடி, 6,000 பீஸ். ரேட்டு எங்க எக்ஸ்போர்ட் ரேட்டுல பாதிக்குக் கொஞ்சம் மேல. ஃப்ளீஸ் ஓட்ட ஊசி மாத்தோணும், சின்னதுல உடையுது. மொத ரெண்டு நாள் 40 ஊசி போச்சு.

அப்புறம் ஓவர்லாக்கா சொன்ன மாதிரியே போன சனிக்கிழமை சம்பளம் குடுத்துட்டு 41 பேரையும் கட்டிங் டேபிளச் சுத்தி நிக்க வெச்சு நோட்டக் காட்டினேன். இவ்வளவு இருக்குது, இவ்வளவு வரணும், வாடகை இது, தவணை இது. போனஸ் வருசச் சம்பளத்துல 8.33 சதவீதம் கண்டிப்பா தர்றேன், ஆனா ரெண்டு தவணை, பாதி தீபாவளிக்கு, பாதி பொங்கலுக்கு. ஹூடிக்கு பீஸ் ரேட் கொறைக்கல, நான் என் மார்ஜினக் கொறைச்சிருக்கேன், அதுவும் நோட்டுல இருக்குதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் செக்கிங்ல இருக்கற ஒரு அக்கா நோட்ட வாங்கி, டீ செலவுன்னு இருந்தத காட்டி, "மாசம் 9,000 டீயா? நாங்களே வெச்சுக்கறோம், பாதியில முடிப்போம்"னாங்க. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அன்னியில இருந்து டீ அவங்க பொறுப்பு. இஞ்சி ஜாஸ்தி.

ரெண்டு பேரு வேலைய விட்டு நின்னுட்டாங்க. ரெண்டு பேருமே ஒடிசா, சூரத்ல வேலை இருக்குதாம். கணக்க முடிச்சுக் குடுத்துட்டேன்.

#22 ஓவர்லாக்கா

ஊசி 14-ம் நம்பர் போடுங்க தம்பி, ஃப்ளீஸுக்கு 11 நிக்காது. டென்சன கொஞ்சம் லூஸ் பண்ணுங்க.

#23 போறணை

இஞ்சி கூட எண்டால் நல்லது. எங்கட பக்கம் வந்தால் பாண் என்ர கணக்கில.

#24 காதர்பேட்டையார்

அந்த ஹூடிப் பார்ட்டி 60 நாள்னு சொல்லுவான், 75-ல தருவான். 61-வது நாள் எனக்குப் போன் பண்ணு, நான் போயி உக்காந்துக்கறேன்.